அமைதிக்கு ஓர் அலுவலகம்

1870 ஜூலையில் பிரான்ஸும் பிரஷ்யாவும் போரில் இறங்கின. பிரிட்டன் எந்தப் பக்கம் சேரும் என்பதே லண்டனில் அப்போது பேச்சு. எந்தப் பக்கமும் சேரக் கூடாது என்று தொழிலாளர்களைத் திரட்டிக் கூட்டம் போட்டவர்களில் முன்னால் நின்றவர் வில்லியம் ராண்டல் கிரீமர் என்ற தச்சர். அவருடைய அப்பா குதிரை வண்டிகளுக்கு வர்ணம் பூசுபவர். பிள்ளை சிறியவனாக இருக்கும்போதே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா பட்டினியோடு போராடி வளர்த்த பையன், இழைப்புளி பிடித்து, தொழிற்சங்கம் கட்டி, மேடையேறிப் பேசக் கற்றுக்கொண்டார். அவர் கூட்டிய குழு 1871-ல் தொழிலாளர் அமைதிச் சங்கமாக மாறியது. அதன் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: இரண்டு நாடுகளுக்குள் தகராறு வந்தால் போர்க்களத்துக்குப் போகாமல் நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டும். விவரம் தெரிந்தவர்களுக்கு அது பகல் கனவாகப் பட்டது. அடுத்த வருடமே அந்தக் கனவு ஜெனீவாவில் நடந்துவிட்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிரிட்டனில் கட்டப்பட்ட ‘அலபாமா’ என்ற கப்பல், தென்மாநிலங்களுக்காக வடக்கின் வணிகக் கப்பல்களைத் தேடித் தேடி அழித்தது. போர் முடிந்ததும் அமெரிக்கா நஷ்ட ஈடு கேட்டது. பிரிட்டன் முரண்டு பிடித்தது. இன்னொரு போர் வந்துவிடுமோ என்ற நிலைமை. கடைசியில் ஐந்து நாடுகளின் நடுவர்கள் ஐவர் ஜெனீவாவில் உட்கார்ந்து விசாரித்து, 1872 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னார்கள்: பிரிட்டன் 1.55 கோடி டாலர் தர வேண்டும். உலகத்திலேயே பெரிய கடற்படையை வைத்திருந்த நாடு, ஒரு குண்டும் வெடிக்காமல் அந்தப் பணத்தைக் கட்டியது. இந்தச் செய்தியைக் கூர்ந்து படித்தவர்களில் பெல்ஜியத்து வக்கீல் ஒருவரும் உண்டு.

அவர் குஸ்தாவ் ரோலான்-ஜாக்மான். கெண்ட் நகரத்துக்காரர். நடுவர் மன்றம் என்று ஒன்று வைத்தால் அது எந்தச் சட்டத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்லும் என்பது அவருடைய கேள்வி. நாடுகளுக்கிடையே சட்டப் புத்தகம் ஏது? 1873 செப்டம்பரில் பல நாடுகளைச் சேர்ந்த சட்ட அறிஞர்கள் 11 பேர் கெண்டில் கூடினார்கள். எந்த அரசும் அவர்களை அனுப்பவில்லை, எந்த அரசுக்கும் அவர்கள் கணக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. சர்வதேசச் சட்டக் கழகம் என்று பெயர் வைத்து, சட்டத்தை அவர்களே எழுதத் தொடங்கினார்கள். 1880-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடியபோது தரைப்போருக்கான விதிகளைக் கையேடாகவே வெளியிட்டார்கள். மிகச் சிலரே கவனித்த வேலை. இந்த 11 பேர் கழகத்தை அன்று யாரும் ஒரு பொருட்டாக நினைத்திருக்க மாட்டார்கள். 31 வருடம் கழித்து அதன் முறை வந்தது.

இதற்கிடையே 1876-ல் பாரிஸில் இந்தக் கதையின் இன்னொரு இழை தொடங்கியது. படித்த, வயதான, செல்வந்தர் ஒருவருக்குப் பல மொழிகள் தெரிந்த முதிர்ந்த பெண் ஒருவர் செயலாளராகவும் வீட்டு நிர்வாகியாகவும் தேவை என்று ஒரு விளம்பரம். விண்ணப்பித்தவர் பெர்தா கின்ஸ்கி. பிராகாவில் பிறந்த பிரபு குடும்பத்துப் பெண். ஆனால் கையில் காசில்லை. வியன்னாவில் சுட்னர் குடும்பத்தின் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர், அந்த வீட்டு இளைய மகன் ஆர்தரைக் காதலித்ததால் வெளியேற வேண்டியதாயிற்று. பாரிஸில் இறங்கிப் பார்த்தால், வயதான செல்வந்தருக்கு வயது 42-தான். பெயர் ஆல்ஃப்ரெட் நோபல், டைனமைட்டைக் கண்டுபிடித்தவர். இருவரும் பேசிப் பேசி நண்பர்களானார்கள். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, நோபல் ஸ்வீடனுக்குப் போக வேண்டி வந்தது. அவர் இல்லாத நேரத்தில் ஆர்தரிடமிருந்து தந்தி: நீ இல்லாமல் என்னால் வாழ முடியாது. பெர்தா தன்னிடமிருந்த வைர நகையை விற்று ரயில் ஏறிவிட்டார். ரகசியத் திருமணம்; பிறகு காகசஸ் மலைப்பக்கம் ஓட்டம். நோபல் ஊர் திரும்பியபோது செயலாளர் இல்லை. அந்த நட்பு அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கிரீமருக்கும் அந்த வருடங்கள் தோல்வி வருடங்கள். நாடாளுமன்றத் தேர்தலில் இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றார். 1885-ல் லண்டனின் ஹாகர்ஸ்டன் தொகுதியில் ஒருவழியாக ஜெயித்தார். நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததும் தச்சர் செய்த வேலை, சக உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்குவது. பிரிட்டனும் அமெரிக்காவும் இனி எந்தத் தகராறையும் நடுவர் மன்றத்தில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற மனுவில் 230-க்கும் அதிகமான உறுப்பினர்கள் கையெழுத்திட்டார்கள். 1887-ல் அதை எடுத்துக்கொண்டு கடல் கடந்து, இரும்புத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி அறிமுகப்படுத்த, அதிபர் கிளீவ்லாந்தைப் பார்த்துக் கொடுத்தார். வரவேற்பு நன்றாகத்தான் இருந்தது. ஒப்பந்தம் மட்டும் வரவில்லை. பத்து வருடம் கழித்து 1897-ல் அப்படி ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டு அமெரிக்க செனட்டுக்குப் போனபோது, ஆதரவாக 43, எதிராக 26. மூன்றில் இரண்டு பங்குக்குச் சில ஓட்டுகள் குறைந்து மடிந்தது. ஆனால் 1887 பயணத்தைப் பற்றிய செய்தி பாரிஸில் ஒருவரை உலுக்கியிருந்தது.

ஃப்ரெடெரிக் பாஸி பொருளியல் அறிஞர், பிரெஞ்சு மன்ற உறுப்பினர். அவரும் அமெரிக்காவோடு அதே மாதிரி ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்று தன் மன்றத்தில் போராடிக்கொண்டிருந்தார். இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1888 அக்டோபர் 31 அன்று பாரிஸின் கிராண்ட் ஹோட்டலில் இரண்டு நாட்டு மன்ற உறுப்பினர்களும் சந்திப்பதாக ஏற்பாடு. கிரீமரோடு சேர்த்து பிரிட்டனிலிருந்து வந்தவர்கள் ஒன்பதே பேர். பிரெஞ்சுக்காரர்கள் 25 பேர். நூற்றுக்கணக்கான கையெழுத்து எங்கே, ஒன்பது ஆள் எங்கே! மனம் ஒடிந்து கலைந்திருக்கலாம். அவர்கள் அடுத்த வருடமும் கூடுவது, எல்லா நாட்டு மன்றங்களையும் அழைப்பது என்று முடிவெடுத்தார்கள். 1889-ல் பாரிஸில் உலகக் கண்காட்சி. புதிதாக எழும்பியிருந்த ஈஃபிள் கோபுரத்தைப் பார்க்க உலகமே வந்துகொண்டிருந்தது. ஜூன் மாதக் கடைசியில் ஒன்பது நாடுகளின் உறுப்பினர்கள் ஏறத்தாழ நூறு பேர் கூடி, நாடாளுமன்றங்களுக்கிடையிலான ஒன்றியம் பிறந்தது. அதே மாதம் அதே ஊரில் அமைதிச் சங்கங்களின் உலக மாநாடும் நடந்தது. பாஸி அந்த வருடத் தேர்தலிலேயே தோற்றுப்போனார் என்பது வேறு விஷயம்.

அதே 1889-ல்தான் பெர்தா ஃபான் சுட்னரின் நாவல் ‘ஆயுதங்களைக் கீழே போடுங்கள்’ வெளியானது. போரில் கணவனை இழந்த ஒரு பெண்ணின் கதை. பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. பதிப்பாளரும் தயங்கித் தயங்கியே அச்சிட்டார். வெளிவந்த பின் பல மொழிகளுக்குப் போனது. லண்டனில் அமைதிச் சங்கம் என்று ஒன்று இருப்பதே பெர்தாவுக்குச் சில வருடம் முன்பு பாரிஸில் ஒரு நண்பர் சொல்லித்தான் தெரியும். இப்போது அவரே 1891-ல் ஆஸ்திரியாவில் ஒரு சங்கம் தொடங்கினார். பழைய நண்பர் நோபலுக்கு எழுதினார். நோபல் 2,000 பிராங்க் அனுப்பினார். அந்த நவம்பரில் ரோமில் மூன்றாவது உலக அமைதி மாநாடு. அங்கேதான் அமைதி இயக்கத்தின் பெரிய பலவீனம் வெளியே வந்தது.

வருடத்துக்கு ஒரு மாநாடு. கூடுவார்கள், தீர்மானம் போடுவார்கள், விருந்துண்டு கலைவார்கள். மறுநாள் அந்தத் தீர்மானத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட ஆள் கிடையாது. யாருக்குக் கடிதம் எழுதுவது, எந்த ஊரில் எந்தச் சங்கம் இருக்கிறது, போன வருடம் என்ன முடிவாயிற்று என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் இடமில்லை. டென்மார்க்கின் ஃப்ரெட்ரிக் பையர் இதற்காகவே நிரந்தர அலுவலகம் ஒன்று வேண்டும் என்று வலியுறுத்திவந்தார். ரோம் மாநாடு அதை ஏற்றது. எங்கே வைப்பது? தபாலுக்கும் தந்திக்கும் ஏற்கெனவே சர்வதேச அலுவலகங்கள் இருந்த ஊர், சுவிட்சர்லாந்தின் தலைநகர் பெர்ன். கடிதம் நாடு விட்டு நாடு போக ஓர் அலுவலகம் அங்கே இருக்கும்போது அமைதிக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று பெர்னையே தேர்ந்தெடுத்தார்கள். இடம் கிடைத்தது. சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை.

சம்பளம் வேண்டாம் என்று ஒருவர் முன்வந்தார்: எலீ டியூகொமன். கடிகாரம் செய்பவரின் மகன், ஜெனீவாவில் பிறந்தவர். பத்திரிகை நடத்தியவர், மொழிபெயர்ப்பாளர். அப்போது ஜூரா-சிம்ப்லோன் ரயில்வேயின் பொதுச்செயலாளர். அந்த வேலை எவ்வளவு சுமையானது என்பதற்கு 1891-ஆம் வருடமே சாட்சி. அந்த ஜூனில்தான் மூன்ஷென்ஸ்டைன் என்ற இடத்தில் ரயில் போகும்போதே பாலம் இடிந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுவிட்சர்லாந்து கண்ட மிகக் கொடிய ரயில் விபத்து. நடந்தது அவருடைய நிறுவனத்தின் பாதையில். அந்த வருடத்தின் இறுதியில் அந்த மனிதர் உலக அமைதியின் கடிதப் போக்குவரத்தையும் தலையில் ஏற்றுக்கொண்டார். பகலில் ரயில்வே கோப்புகள். மிச்ச நேரமெல்லாம் அமைதி அலுவலகம். எந்தெந்த நாட்டில் என்னென்ன சங்கம், யார் செயலாளர், எந்த முகவரி என்று பட்டியல் எடுத்தார். மாநாட்டு நிகழ்ச்சி நிரல் தயாரித்தார், தீர்மானங்களை அச்சடித்து அரசுகளுக்கு அனுப்பினார், இரு வாரத்துக்கு ஒருமுறை சுற்றறிக்கை வெளியிட்டார், வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் போட்டார். 15 வருடம், ஒரு பிராங்க்கூட ஊதியமில்லாமல். அமைதி இயக்கத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மேடைப் பேச்சுகளையே பெரிதாக எழுதுகிறார்கள். அந்த மேடைகளைத் தாங்கியது இந்த மேசைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

1892 ஆகஸ்டில் உலக மாநாடு அந்த பெர்னுக்கே வந்தது. நாடாளுமன்ற ஒன்றியமும் அங்கே கூடி, தனக்கும் ஓர் அலுவலகம் அமைத்து, ஆல்பர் கோபா என்ற சுவிஸ் அரசியல்வாதியிடம் ஒப்படைத்தது. மாநாட்டின் நடுவே ஒரு நாள் பெர்தாவைப் பார்க்க ஒரு விருந்தாளி வந்திருப்பதாகத் தகவல். வெளியே வந்து பார்த்தால் நோபல். மாநாட்டு மேடைப் பக்கமே அவர் வர விரும்பவில்லை. பெர்தாவையும் ஆர்தரையும் ஜூரிச்சுக்கு அழைத்தார்.

ஜூரிச் ஏரியில் நோபலுக்குச் சொந்தமாக ஒரு சிறு படகு இருந்தது. பளபளக்கும் அலுமினியத்தால் கட்டியது. அந்தக் காலத்தில் புதுமை. அந்தப் படகில் மூவரும் ஏரியைச் சுற்றி வந்தார்கள். கரையோரம் பட்டு ஆலை முதலாளிகளின் மாளிகைகள். பேச்சு அமைதியைப் பற்றித் திரும்பியது. உங்கள் மாநாடுகளுக்கு முன்பே என் தொழிற்சாலைகள் போரை ஒழித்துவிடக்கூடும் என்பது நோபலின் வாதம். இரண்டு படைகள் ஒரே நொடியில் ஒன்றையொன்று அழித்துவிட முடியும் என்ற நாள் வந்தால், நாகரிக நாடுகள் அஞ்சிப் படைகளைக் கலைத்துவிடும் என்று அவர் நம்பினார். பெர்தா ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தகவல்களைக் கொடுங்கள், என்னை நம்பவையுங்கள், பிறகு பெரிதாக ஏதாவது செய்கிறேன் என்றார் நோபல். பெர்தா விடவில்லை. இயக்கத்தின் செய்திகளையெல்லாம் அனுப்பிக்கொண்டே இருந்தார். 1893 ஜனவரியில் நோபலிடமிருந்து வந்த கடிதத்தில் ஒரு திட்டம் இருந்தது: ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு பரிசு, மொத்தம் ஆறு தடவை மட்டும். முப்பது வருடத்தில் உலகத்தைத் திருத்த முடியாவிட்டால் காட்டுமிராண்டித்தனத்துக்குத்தான் திரும்புவோம் என்பது அவர் போட்ட கணக்கு.

அந்த மார்ச்சில் எழுதிய உயிலில் நோபல் பெர்தாவின் ஆஸ்திரிய அமைதிச் சங்கத்துக்கென்றே ஒரு சதவீதம் ஒதுக்கினார். ஓர் அமைதி அமைப்புக்கு நேரடியாகச் சொத்தில் பங்கு! அந்த உயில் நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நிற்கவில்லை. 1895 நவம்பர் 27 அன்று பாரிஸில் ஸ்வீடன்-நார்வே சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து, வக்கீல் யாரும் இல்லாமல், தன் கையாலேயே எழுதி, நான்கு சாட்சிகள் முன்னிலையில் புதிய உயிலில் கையெழுத்திட்டார். ஆஸ்திரியச் சங்கம் அதில் இல்லை. ஐந்து பரிசுகள் இருந்தன. ஐந்தாவது, நாடுகளிடையே சகோதரத்துவம் வளரவும் நிரந்தரப் படைகள் குறையவும் அமைதி மாநாடுகள் நடக்கவும் மிகுதியாக உழைத்த ஒரு மனிதருக்கு. மாநாடுகள் என்ற அந்த வரியில் பெர்தாவின் கடிதங்களும் பெர்னின் சுற்றறிக்கைகளும் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பரிசு மனிதருக்குத்தான். சங்கங்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

1896 டிசம்பர் 10 அன்று நோபல் இத்தாலியின் சான் ரெமோவில் இறந்தார். உயிலைப் பிரித்ததும் உறவினர்கள் கொதித்தார்கள். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு 26 வயது ரக்னார் சோல்மன் தலையில் விழுந்தது. நோபலின் உதவியாளராக இருந்த பொறியாளர். நோபலின் சட்டப்படியான ஊர் எது? பாரிஸ் என்றால் பிரெஞ்சு நீதிமன்றம் உயிலைச் செல்லாததாக்கிவிடலாம். ஸ்வீடனின் போஃபோர்ஸ் என்று நிரூபித்தால் பிழைக்கலாம். முடிவு தெரிவதற்குள் பாரிஸில் இருந்த பங்குப் பத்திரங்களை வெளியேற்றிவிட வேண்டும். சோல்மன் வங்கியிலிருந்து பத்திரங்களைப் பெட்டிகளில் அடைத்து, வாடகைக் குதிரை வண்டியில் ஏற்றி, கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு உட்கார்ந்து பாரிஸ் தெருக்களில் போனார். பொதிகள் லண்டனுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் பறந்தன. சொத்து தப்பியது. ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து அரண்மனையிலிருந்து வந்தது.

அமைதிப் பரிசை வழங்கும் ஐவர் குழுவை நார்வே நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உயில் சொன்னது. நார்வே அப்போது ஸ்வீடன் மன்னரின் கீழ் இருந்த, பிரிந்துபோகத் துடித்துக்கொண்டிருந்த நாடு. ஸ்வீடனில் பலருக்கு இது பொறுக்கவில்லை. மன்னர் இரண்டாம் ஆஸ்கர், நோபலின் அண்ணன் மகன் இம்மானுவேலைக் கூப்பிட்டு, அமைதி வெறியர்களும் குறிப்பாகப் பெண்களும் உன் சித்தப்பாவின் மனதைக் கெடுத்துவிட்டார்கள் என்ற பொருளில் பேசினார். பெயர் சொல்லவில்லை என்றாலும் குறி பெர்தாதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இம்மானுவேல் அசையவில்லை, சித்தப்பாவின் விருப்பமே நடக்கட்டும் என்று நின்றார். அவர் அன்று தலையாட்டியிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

1900 ஜூன் 29 அன்று நோபல் அறக்கட்டளையின் விதிகள் மன்னரின் ஒப்புதலோடு வெளியாயின. எல்லோரும் பணத்தையும் குழுக்களையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த விதிகளுக்குள் ஒரு சிறு கதவு திறந்திருந்தது: தாங்கள் வழங்கும் பரிசை ஒரு நிறுவனத்துக்கோ சங்கத்துக்கோ தரலாமா என்பதை அந்தந்தப் பரிசுக் குழுவே முடிவு செய்துகொள்ளலாம்.

முதல் பரிசு 1901 டிசம்பர் 10 அன்று அறிவிக்கப்பட்டது. அந்தக் கதவு வழியாக யாரும் வரவில்லை. 150,782 குரோனர் பரிசை இருவர் பகிர்ந்தார்கள். ஒருவர் பாஸி. இன்னொருவர் செஞ்சிலுவைச் சங்கம் பிறக்கக் காரணமாக இருந்து, திவாலாகி, சுவிஸ் கிராமம் ஒன்றின் மருத்துவமனை அறையில் மறக்கப்பட்டுக் கிடந்த ஆன்ரி டூனான். அமைதி இயக்கத்தில் பலருக்கு வருத்தம், பெர்தாவுக்கும்தான். காயம்பட்டவனுக்குக் கட்டுப் போடுவது நல்ல காரியம், ஆனால் போரை ஒழிப்பது வேறு வேலை அல்லவா? 1902-ல் டியூகொமனும் கோபாவும் பகிர்ந்தார்கள். பெர்னின் இரண்டு மேசைகளுக்கும் மரியாதை வந்தது. ஆனால் மேசையில் உட்கார்ந்தவர்களின் பெயரில். 1903-ல் கிரீமர். ஏழ்மையில் பிறந்த அந்தத் தச்சர் கைக்கு வந்த ஏறக்குறைய 8,000 பவுண்டில் 7,000-ஐத் தன் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். பின்னால் சர் பட்டம் தர வந்தபோது சடங்குக்கான வாளை இடுப்பில் கட்ட மாட்டேன் என்று சொல்லி, வாள் இல்லாமலேயே பெற்றுக்கொண்டார். மூன்று வருடமாக ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பரிசு ஆளுக்குப் போனது. உழைத்ததோ ஆளும் சங்கமும் சேர்ந்து. இதை எப்படிச் சரிசெய்வது?

1904-ல் நார்வே குழு அந்தக் கதவைத் திறந்தது. முழுப் பரிசும், பங்காளி யாரும் இல்லாமல், 1873-ல் கெண்டில் 11 பேர் தொடங்கிய சர்வதேசச் சட்டக் கழகத்துக்கு. 1899-ல் ஹேக் நகரில் நாடுகள் கூடிப் போர் விதிகளை ஒப்பந்தமாக்கியபோது, அந்தக் கழகத்தின் ஆக்ஸ்ஃபோர்டு கையேடு அவர்களுக்கு அடித்தளமாக உதவியிருந்தது. கழகத்தைத் தொடங்கிய ரோலான்-ஜாக்மான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கடைசிக் காலத்தில் சயாம் மன்னரின் பொது ஆலோசகராகப் போய் உழைத்துவிட்டு, 1902-ல் இறந்துபோயிருந்தார். இறந்தவருக்குப் பரிசு தேடிக் கொடுக்க முடியாது. அவர் உண்டாக்கிய கழகம் உயிரோடு இருந்தது, அது வாங்கிக்கொண்டது.

அடுத்த வருடம் 1905-ல் பெர்தாவின் முறை. நான்கு வருடமாக அவருடைய நண்பர்கள் எதிர்பார்த்துச் சலித்த செய்தி. ஆர்தர் 1902-லேயே இறந்துவிட்டார். விதவையாக, கடனோடு, ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது. பரிசின் மூல காரணமான பெண்ணுக்கே பரிசு வர ஐந்தாவது தடவை ஆயிற்று என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. அந்த வருடத்தில்தான் நார்வே ஸ்வீடனை விட்டுப் போரில்லாமலேயே பிரிந்தது.

1906 டிசம்பரில் டியூகொமன் இறந்தார். கோபா அந்த நாற்காலியை ஏற்றார். பெர்ன் அலுவலகத்தின் வரவுசெலவு எப்போதும் இழுபறிதான். சுவிட்சர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே அரசுகள் தந்த சிறு மானியங்களும் சங்கங்களின் சந்தாவும்தான் வருமானம். 1910-ல் நார்வே குழு மீண்டும் ஓர் அமைப்பின் பெயரை அறிவித்தது: பெர்னின் நிரந்தர சர்வதேச அமைதி அலுவலகம். முதல் செயலாளருக்கு ஒரு பிராங்க் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் தொடங்கிய இடத்துக்கு முழு நோபல் பரிசு.

மகிழ்ச்சி நான்கு வருடம்கூடத் தாங்கவில்லை. 1914 மார்ச் 16 அன்று பெர்னில் அமைதிக் கூட்டம் ஒன்றில் பேசுவதற்காக எழுந்த கோபா அங்கேயே சரிந்து, சற்று நேரத்தில் இறந்தார். ஜூன் 21-ல் வியன்னாவில் பெர்தா இறந்தார். அந்த செப்டம்பரில் உலக அமைதி மாநாடு வியன்னாவில் கூட இருந்தது. ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாநாடு நடக்கவில்லை. 1914, 1915, 1916 மூன்று வருடங்களிலும் அமைதிப் பரிசு இல்லை. போருக்கு நடுவே 1917-ல் மட்டும் குழு ஒரு பெயரைச் சொன்னது: செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு. 1901-ல் டூனானுக்குத் தரலாமா என்று வாதித்தவர்களிடம் அப்போது வாதம் எதுவும் மிச்சமில்லை. கைதிகளான லட்சக்கணக்கான வீரர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதி, அவர்களுடைய வீடுகளுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் குழுதான்.

இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம் ஆகிய நோபல் பரிசுகள் இன்றுவரை தனிமனிதர்களுக்கே போகின்றன. ஆயிரம் பேர் சேர்ந்து ஓர் அணுத்துகளைக் கண்டுபிடித்தாலும் இரண்டு மூன்று பெயர்கள்தான் அறிவிக்கப்படும். அமைதிப் பரிசு ஒன்றுதான் அமைப்புகளுக்கும் போகிறது. அக்டோபர் மாதம் ஆஸ்லோவில் குழுத் தலைவர் ஒரு சங்கத்தின் பெயரை வாசித்தால், அதில் யாரும் அதிசயம் காண்பதில்லை. 2024 வரை 31 முறை அப்படி வாசித்தாயிற்று: செஞ்சிலுவைக் குழு மூன்று தடவை, அகதிகளுக்கான ஐ.நா. ஆணையகம் இரண்டு தடவை, எல்லைகளற்ற மருத்துவர்கள், உலக உணவுத் திட்டம், ஹிரோஷிமா-நாகசாகி குண்டுவீச்சில் பிழைத்தவர்களின் ஜப்பானியச் சங்கம். பெர்ன் அலுவலகம் 1924-ல் ஜெனீவாவுக்கு மாறியது. அதன் பெயரைத் தாங்கிய சர்வதேச அமைதி அலுவலகம் இப்போது பெர்லினிலிருந்து இயங்குகிறது. ராணுவச் செலவைக் குறைக்கச் சொல்லி அரசுகளுக்கு எழுதுவது இன்றும் அதன் முக்கிய வேலை.